கயிறு பிடித்தவர் மேலே வா என்றால்

கோத்தகிரிக்குக் கீழே ஒரு தேயிலைத் தோட்டத்துக் குளம். எங்கள் பயிற்சியாளர் கரையில் உட்கார்ந்து, ஒரு சில்வர் தட்டைக் கயிற்றில் கட்டி மெதுவாகத் தண்ணீருக்குள் இறக்கினார். தட்டு பளபளத்தது, மங்கியது, செம்மண் நிறத்துக்குள் போய் மறைந்தது. மறைந்த இடத்தில் கயிற்றை விரலால் பிடித்துக்கொண்டு மேலே இழுத்து அளந்தோம். ஒரு முழத்துக்கும் குறைவு.

"இது மேல்மட்டத்துல. அடியில நம்ம கால் பட்ட பிறகு இதுவும் இருக்காது" என்றார்.

அன்று நாங்கள் போனதே அதற்காகத்தான். கோயம்புத்தூரில் ஏழு பேர் சேர்ந்து நடத்தும் சின்ன ஸ்கூபா குழு எங்களுடையது. ஐ.டி. வேலை, பள்ளி, கடை என்று ஆளுக்கொரு பிழைப்பு. கடலில் கற்றுக்கொண்டவர்கள், பெரும்பாலும் புதுச்சேரியில். வடகிழக்குப் பருவமழை முடிந்த மாதங்களில் அங்கே ஆற்று வண்டல் கலந்து கடல் கலங்கிக் கிடக்கும். அப்போதெல்லாம் ஒன்று டைவை ரத்து செய்தோம், இல்லையென்றால் "பார்த்துக்கலாம்" என்று இறங்கி, ஒருவரையொருவர் தொலைத்து, கீழே தேடி, மேலே வந்து சந்தித்தோம். இரண்டு முறை அப்படி நடந்த பிறகு, கலங்கிய தண்ணீருக்கென்று தனியாகப் பயிற்சி எடுக்காமல் இனி இறங்குவதில்லை என்று முடிவு செய்தோம். அலையும் நீரோட்டமும் இல்லாத, கரை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிற ஓர் இடம் தேவைப்பட்டது.

பைக்காரா, அவலாஞ்சி, எமரால்டு போன்ற மின்வாரிய அணைகளை நாங்கள் யோசிக்கவே இல்லை. அவை பொழுதுபோக்காக இறங்கும் இடங்கள் அல்ல. குழுவில் ஒருவருடைய உறவினர் ஒரு தோட்டத்தில் மேலாளர். அவர் எழுத்து மூலம் அனுமதி வாங்கித் தந்தார். குளத்தின் ஆழம் அதிகபட்சம் 7 மீட்டர். பம்புக் குழாயின் அடிமுனையிலிருந்து கழன்று விழுந்த ஃபுட் வால்வு ஒன்று அடியில் கிடக்கிறது, முடிந்தால் எடுத்துக் கொடுங்கள் என்றும் கேட்டிருந்தார். தேடுவதற்கு ஒரு பொருள் கிடைத்ததும் நல்லதாகப் போயிற்று.

கலங்கலைப் பற்றிச் சொல்வதற்கு முன் மலையைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் நம் ஊர்க்காரர்கள் பலரும் கவனிக்காத ஆபத்து அதில்தான் இருக்கிறது. கோத்தகிரி ஏறக்குறைய 1800 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் 80 சதவீதம்தான். கடலில் மேற்பரப்பில் இருக்கும் அழுத்தம் இரட்டிப்பாக 10 மீட்டர் இறங்க வேண்டும். இங்கே 8 மீட்டரைச் சற்றுத் தாண்டினாலே இரட்டிப்பாகிவிடும். ஆழத்தில் உடலில் கரையும் நைட்ரஜன், வெளி அழுத்தம் சட்டென்று குறைந்தால் குமிழியாகி உடம்பைப் பாதிக்கும். அதற்கு அந்த விகிதம்தான் கணக்கு. அதனால் இந்தக் குளத்தின் 7 மீட்டரை, எந்த ஆழத்தில் எவ்வளவு நேரம் இருக்கலாம் என்று கடலுக்காகப் போட்ட அட்டவணையில் ஏறக்குறைய 9 மீட்டராக எடுத்துக்கொள்ள வேண்டும். 300 மீட்டர் உயரத்தைத் தாண்டினாலே மலை டைவ் என்றுதான் பயிற்சியில் சொல்லித்தருவார்கள். இன்னொன்று, கோவையிலிருந்து மேலே ஏறுவதே உடம்புக்கு ஒரு டைவ் முடித்த மாதிரி. வந்து சேர்ந்தபின் ஆறு மணி நேரமாவது பொறுத்து இறங்குவது நல்லது. நாங்கள் முந்தின நாள் மாலையே ஏறி, தோட்டத்து விடுதியில் தங்கிவிட்டோம்.

திரும்பும் வழிக்கும் இது பொருந்தும். மாலையில் குழுவின் இளைய தம்பி, "இவ்வளவு தூரம் வந்தாச்சு, தொட்டபெட்டா பார்த்துட்டு ஊட்டி வழியா இறங்கலாமே" என்று கேட்டான். தொட்டபெட்டா 2637 மீட்டர். ஊட்டி 2240 மீட்டர். விமானத்துக்குள் பராமரிக்கும் அழுத்தம் அதிகபட்சமாக 2400 மீட்டர் உயரத்துக்குச் சமம். டைவ் முடித்துவிட்டு விமானம் ஏறக்கூடாது என்பது அவனுக்குத் தெரியும். ஊட்டிக்குக் காரில் போவதும் கிட்டத்தட்ட அதே விஷயம்தான் என்பது அப்போதுதான் உறைத்தது. எங்களுக்கு வழி கீழ்நோக்கி மட்டும், நேராக மேட்டுப்பாளையம். இதைப் படிப்பவர்களில் ராமேசுவரத்தில் காலையில் டைவ் செய்துவிட்டு, அன்றிரவே கொடைக்கானலில் அறை போட்டிருப்பவர்கள் யாராவது இருந்தால், தயவுசெய்து ஒரு நாள் மதுரையில் தங்கிவிட்டுப் போங்கள். ஒரே ஒரு டைவ் என்றாலும் குறைந்தது 12 மணி நேரம், ஒன்றுக்கு மேல் என்றால் 18 மணி நேரம் தாழ்வான இடத்தில் இருந்துவிட்டு ஏறுவது நல்லது.

சிலிண்டர்களைக் கோவையில் நிரப்பிக் கொண்டுவந்தோம். அங்கே வெயிலில் அழுத்தம் 200 பார் காட்டியது, காலை மலைக்குளிரில் 187 ஆகியிருந்தது. கசிவு இல்லை, குளிர்ந்தால் அழுத்தம் குறையும், அவ்வளவுதான். ஆனால் கணக்கு 187-லிருந்துதான் தொடங்க வேண்டும். மூழ்குவதற்காக இடுப்பில் கட்டும் ஈயத்தையும் மாற்ற வேண்டியிருந்தது. நல்ல தண்ணீர் கடல்நீரை விட இலகு. உடம்பும் கருவியும் சேர்த்து 100 கிலோ என்றால் இங்கே சுமார் இரண்டரைக் கிலோ ஈயம் குறைவாகப் போதும். ஆளுக்கு ஆள் கரையோரத்தில் மிதந்து பார்த்துச் சரிசெய்துகொண்டோம். தண்ணீர் 16 டிகிரி. 5 மில்லிமீட்டர் வெட்சூட் போட்டும் கழுத்து வழியாக உள்ளே போன முதல் நீர் முதுகெலும்பைத் தொட்டது.

காலை ஏழு மணிக்கே குளக்கரைக்கு வந்துவிட்டோம். ஆனால் முதல் ஆள் தண்ணீரில் கால் வைத்தபோது மணி பத்தரை. அந்த மூன்றரை மணி நேரத்தை நான் வீண் என்று நினைக்கவில்லை.

முதல் அரைமணி நேரம் தோட்டத்து வாட்ச்மேன் தாத்தாவுடன் கரையைச் சுற்றினோம். சிறுவயதில் இலங்கையிலிருந்து குடும்பத்தோடு திரும்பியவர், நாற்பது வருடமாக இந்தத் தோட்டத்தில் இருக்கிறார். காட்டெருமைகள் விடியலில் தண்ணீர் குடித்துவிட்டுப் போய்விட்டன என்று காலடித் தடங்களைக் காட்டினார். பிறகு குளத்தின் தென்மூலையைக் கைகாட்டி, "அந்தப் பக்கம் எறங்காதீங்க தம்பி. பழைய வேலிக் கம்பி கெடக்கு. இந்தப் பக்கம் சில்வர் ஓக் மரம் ரெண்டு சாஞ்சு உள்ள போயிருச்சு, போன மழைக்கு முந்தின மழையில" என்றார். அவர் சொல்லச் சொல்ல ஒரு தாளில் வரைந்தோம். மரங்கள் இருந்த இடத்துக்கு நேர்மேலே காலி கேன்களைக் கட்டி மிதக்கவிட்டோம். நாலு பக்கமும் கருவிகளோடு அலைந்திருந்தாலும் இவ்வளவு தெரிந்திருக்காது. கலங்கிய தண்ணீரில் இறங்கப் போகிறவர்கள் அந்தத் தண்ணீரோடு வாழ்கிற ஒருவரைக் கண்டுபிடித்துப் பேசிவிட்டு இறங்குங்கள். தேயிலைக்கு மருந்து அடித்து எத்தனை நாள் ஆயிற்று என்றும் அவரிடமே கேட்டோம். மூன்று வாரம் ஆகியிருந்தது. தோட்டக் குளங்களில் எலிக் காய்ச்சலும் வரலாம். கை கால் காயத்தோடு யாரும் இறங்கக் கூடாது என்று வைத்திருந்தோம், அதனால் ஒருவர் கரையிலேயே நின்றார்.

அடுத்தது மதகும் பம்பும். இதைச் சாதாரணமாக நினைத்துவிடக் கூடாது. 30 சென்டிமீட்டர் விட்டமுள்ள ஒரு மதகுக் குழாய், அதற்கு மேல் 5 மீட்டர் தண்ணீர் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மறுபக்கம் தண்ணீர் இல்லாமல் வெளிக்காற்றுக்குத் திறந்திருந்தால், குழாய் வாயில் ஒட்டிக்கொள்ளும் எதையும் சுமார் 350 கிலோ எடை அழுத்திப் பிடிக்கும். கையோ காலோ அதில் போய்ச் சிக்கினால் இழுத்து எடுக்கும் மனிதன் கிடையாது. தெளிந்த தண்ணீரில் தூரத்திலேயே பார்த்து ஒதுங்கலாம், கலங்கலில் உறிஞ்சும்போதுதான் தெரியும். அதனால் மதகு மூடியிருப்பதை நேரில் பார்த்தோம், சாவியை வாங்கிக்கொண்டோம். பம்பு ஷெட்டில் சுவிட்சை அணைத்ததோடு நிற்காமல் மூன்று ஃபியூஸ் கட்டைகளையும் பிடுங்கிப் பயிற்சியாளர் பையில் போட்டுக்கொண்டார். யாரோ தெரியாமல் வந்து மோட்டாரைப் போட வழியே இருக்கக்கூடாது. இவ்வளவுக்குப் பிறகும் மதகைச் சுற்றி ஐந்து மீட்டருக்குள் யாரும் போவதில்லை என்று கோடு போட்டோம்.

அப்புறம்தான் கயிறு.

எங்கள் குழுவில் தூத்துக்குடிக்காரர் ஒருவர் இருக்கிறார், எல்லோருக்கும் அண்ணன். அவருடைய தாத்தா சங்கு குளித்தவர். மூச்சை அடக்கிக்கொண்டு இறங்கிய அந்தக் காலத்தில், முத்துக் குளிக்கப் போகிறவனின் கயிற்றை மைத்துனன்தான் பிடிப்பான் என்று சொல்வார்கள். தன் அக்காளோ தங்கையோ தாலி அறுக்க அவன் விடமாட்டான் என்ற நம்பிக்கை. கலங்கல் டைவில் கயிறு பிடிக்கும் வேலையை இந்த அண்ணனிடம் கொடுத்தபோது அவர் அதைச் சொல்லிவிட்டு, "விளையாட்டு வேலை இல்லப்பா இது" என்றார். கரையில் ஒரு முக்காலி போட்டு உட்காரக்கூட மறுத்துவிட்டார்.

ஏற்பாடு இதுதான். தண்ணீரில் ஒரு நேரத்தில் ஒரே ஜோடி. முன்னால் போகிறவரின் மார்புப் பட்டையில் அண்ணனின் கயிறு. இருவருக்கும் இடையே ஒரு மீட்டர் நீளத்தில் இன்னொரு கயிறு. கரையில் மூன்றாவது ஆள், முழுக் கருவியும் அணிந்து, மாஸ்க் மட்டும் நெற்றியில், உடனே இறங்கத் தயாராக. ஒரு இழுப்பு என்றால் "நலமா", பதிலுக்கும் ஒன்று, "நலம்". இரண்டு, திசை மாற்று. மூன்று, மேலே வா அல்லது வருகிறேன். நான்கு, உதவி. ஒரு இழுப்புக்குப் பதில் இல்லையென்றால் கால் நிமிடம் பொறுத்து மறுபடி இழுப்பார். அதற்கும் பதில் இல்லையென்றால் மூன்றாவது ஆள் கயிற்றைப் பிடித்தபடியே இறங்கிவிடுவார், யாரையும் கேட்க வேண்டியதில்லை. தேடும் முறையும் கயிற்றில்தான் நடக்கும். கயிறு விறைப்பாக இருக்க, கரையிலிருப்பவரை மையமாக வைத்து ஊசல் போல இடமிருந்து வலம் நீந்த வேண்டும். முனைக்கு வந்ததும் இரண்டு இழுப்பு வரும், அரை மீட்டர் கயிறு கூடுதலாகக் கிடைக்கும், திரும்பி வலமிருந்து இடம். இப்படிப் போனால் கண்ணே இல்லாவிட்டாலும் தரையில் ஒரு துண்டும் விடுபடாது.

முதல் ஜோடியில் நான் முன்னால். என் பின்னால் பள்ளி ஆசிரியையான என் தோழி.

இதற்கு முன் இரண்டு வாரம் நீச்சல் குளத்தில் மாஸ்க் கண்ணாடிக்குக் கறுப்புத் துணி ஒட்டிப் பழகியிருந்தோம். வாய்க்கருவியைக் கழற்றி மாட்டுவது, தோழியின் மாற்று வாய்க்கருவியைத் தடவி எடுப்பது, ஈயப் பட்டையைக் கழற்றுவது எல்லாம் தொட்டே செய்யத் தெரியும். அந்தப் பழக்கம் இல்லாமல் அந்தத் தண்ணீரில் இறங்கியிருந்தால் முதல் நிமிடமே மேலே வந்திருப்பேன். இரண்டு மீட்டரில் வெளிச்சம் காவி நிறமானது. மூன்றில் பழுப்பு. நான்கில் என் கையை மாஸ்க்கில் ஒட்டினால்தான் விரல் தெரிந்தது. டார்ச்சைப் போட்டேன். மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி ஏறும்போது மூடுபனிக்குள் ஹை பீம் போட்டால் முன்னே ஒரு வெள்ளைச் சுவர் எழும்புமே, அதேதான். வண்டல் துகள் ஒவ்வொன்றும் ஒளியை என் கண்ணுக்கே திருப்பி அடித்தது. டார்ச்சைத் தலையிலிருந்து தள்ளி, கையை நீட்டி, பக்கவாட்டில் தாழப் பிடித்தபோது கொஞ்சம் பரவாயில்லை. பனிக்குத் தாழ்வாக வைக்கும் மஞ்சள் விளக்குக்கும் இதே காரணம்தான்.

அடியில் சேறு முழங்கை ஆழம். காலை மேலும் கீழும் அடித்தால் அது மேகமாக எழும். முழங்காலை மடக்கித் தவளை போலப் பக்கவாட்டில் உதைக்கத்தான் பயின்றிருந்தோம். பின்னால் வருகிறவருக்குச் செய்யும் பெரிய உதவி அது. ஆனாலும் ஏழெட்டு ஊசல் முடிந்தபோது எனக்கு ஒரு விசித்திரம் நடந்தது. நான் தரைக்கு இணையாக நீந்துகிறேன் என்றே நம்பினேன். ஆனால் மூச்சுக் குமிழிகள் காதோரம் போகாமல் தாடை வழியாக மார்புக்கு ஓடின. குமிழி எப்போதும் மேலேதான் போகும். அப்படியென்றால் தலை கீழே இருக்கிறது. என் உடம்பு சொன்னதை விட்டுவிட்டுக் குமிழி சொன்னதை நம்பித் திரும்பினேன். கண் இல்லாத இடத்தில் காதுக்குள் இருக்கும் சமநிலையும் ஏமாற்றும். குமிழியும், கையிலிருக்கும் கயிறும், மாஸ்க்கில் ஒட்டிப் பார்க்கும் ஆழமானியும் ஏமாற்றாது.

அதற்குச் சற்று நேரத்தில் பின்னால் ஏதோ பிடித்து இழுத்தது. சிலிண்டர் வால்வில். முன்னே போக முயன்றேன், இழுவை கூடியது. திரும்ப முயன்றேன், தோளிலும் சுற்றிக்கொண்டது. தோட்டத்துப் பிள்ளைகள் தூண்டில் போடும் தங்கூசி நரம்பு. தாத்தாவுக்குக்கூட அது தெரியாது. முதலில் நெஞ்சு படபடத்தது. மூச்சு வேகமாவதை நானே கேட்டேன். அப்போது பயிற்சியில் சொன்ன ஒன்றை மட்டும் செய்தேன், அசையாமல் நின்றேன். மூன்று நீண்ட மூச்சு. பிறகு இடைக்கயிற்றை இழுத்துத் தோழியை அருகே வரவழைத்து, அவள் கையைப் பிடித்து என் தோளில் வைத்தேன். அவள் நரம்பைத் தடவித் தடவிப் போய்ச் சிக்கலின் முனையைப் பிடித்தாள். என் கத்தி கெண்டைக்காலில் இருந்தது. அங்கே என் கை எட்டவில்லை. அவளுடைய வெட்டுக்கருவி மார்புப் பட்டையில் இருந்தது, அதனால் பிழைத்தோம். இரண்டு நறுக்கில் விடுபட்டேன்.

விடுபட்ட அதே கணத்தில் ஒரு கை என் தலையைத் தொட்டது. மூன்றாவது ஆள். கட்டைவிரலை என் உள்ளங்கையில் மேல்நோக்கி அழுத்தினார். மூவரும் கயிற்றோடு மெதுவாக மேலே வந்தோம். என் சிலிண்டரில் இன்னும் 110 பார் இருந்தது.

கரை ஏறியதும் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். "நாங்களே சரிபண்ணிட்டோம்ணா. நல்லாத்தான் இருந்தோம். இன்னும் தேடியிருக்கலாம்" என்றேன்.

அண்ணன் கயிற்றை விடாமலே சொன்னார். "நீ நல்லா இருந்தது உனக்குத் தெரியும்மா. எனக்குக் கயிறு மட்டுந்தானே தெரியும்? ரெண்டு தடவை கேட்டேன். பதில் இல்ல."

நான் எந்த இழுப்பையும் உணரவில்லை. பிறகு கயிறு போன வழியை ஆராய்ந்ததில் காரணம் தெரிந்தது. கேன் கட்டிய மரத்திலிருந்து நாங்கள் நினைத்ததைவிட நீளமாக ஒரு கிளை நீருக்குள் போயிருந்தது. கயிறு அதன்மேல் மடங்கியதால் அண்ணனின் இழுப்பை எல்லாம் கிளை வாங்கிக்கொண்டது. யோசித்துப் பார்த்தால் கடைசி ஊசலில் கயிறு கரைப்பக்கமிருந்து வராமல் இடப்பக்கமிருந்து வந்ததை நான் உணர்ந்திருந்தேன். அதை ஒரு செய்தியாக எடுத்துக்கொள்ளவில்லை. திசை மாறிய கயிறு என்றால் அங்கேயே நின்று, வந்த வழியே திரும்பி, கயிறு நேராகும் வரை போக வேண்டும். நரம்பில் சிக்கியபோது உதவி கேட்டு நான் நான்கு இழுப்பு இழுத்திருந்தாலும் அது மேலே போயிருக்காது. அதை நினைத்தபோதுதான் எனக்கு உண்மையில் நடுங்கியது.

அடுத்த ஜோடி இறங்குவதற்கு முன் சில மாற்றங்கள் செய்தோம். எல்லோருடைய கத்தியும் மார்புக்கு வந்தது, இரண்டு கைக்கும் எட்டும்படி. கயிறு பிடிப்பவர் மரம் குறுக்கே வராத மேட்டுக்கு இடம் மாறினார். ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு "நலமா" கட்டாயம். சிலிண்டரில் 100 பார் வந்ததும் மேலே வர வேண்டும் என்பதை அப்படியே வைத்துக்கொண்டோம். குளிரும் பதற்றமும் காற்றை எவ்வளவு வேகமாகத் தின்னும் என்பதை நான் பார்த்துவிட்டேன். வாட்ச்மேன் தாத்தா வீட்டிலிருந்து இஞ்சி தட்டிப் போட்ட தேநீர் வந்தது. ஈர வெட்சூட்டோடு காற்றில் நிற்காமல் உடனே மாற்றிக்கொண்டு, கம்பளியைப் போர்த்தியபடி குடித்தோம். தண்ணீரில் இழந்த சூட்டைவிட, மலைக்காற்றில் ஈரத்தோடு நின்று இழப்பது சில நேரம் அதிகம்.

இரண்டாம் ஜோடிக்குக் கயிறு பிடிக்க நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். அண்ணன் என் பக்கத்தில் நின்றார், கயிற்றைத் தொடவில்லை. கயிறு கைக்குள் உயிரோடு ஓடியது. அவர்கள் நீந்துவது, நிற்பது, சேற்றில் கை விட்டுத் துழாவுவது எல்லாம் விரலுக்குத் தெரிந்தது. பன்னிரண்டாவது திருப்பத்தில் ஒரு "நலமா" கொடுத்தேன். ஒன்றும் வரவில்லை. பத்து எண்ணினேன், பதினைந்து எண்ணினேன். தண்ணீர் மேல் குமிழி வந்துகொண்டுதான் இருந்தது. மூன்றாவது ஆளைப் பார்த்தேன், அவர் மாஸ்க்கை இறக்கிவிட்டு எழுந்து நின்றார். மறுபடி ஒரு முறை இழுத்தேன்.

ஒன்று வந்தது. உடனே மூன்று. கொஞ்ச நேரத்தில் சேறு வழியும் ஃபுட் வால்வை இருவரும் சேர்த்துத் தூக்கியபடி கேனுக்கு இந்தப் பக்கம் தலை நீட்டினார்கள். முதல் இழுப்பு வந்தபோது இருவர் கையும் அதைச் சேற்றிலிருந்து பெயர்ப்பதில் இருந்ததாம். அவர்கள் கரையேறி, உட்கார்ந்து, மாஸ்க்கைக் கழற்றும் வரை கயிற்றை நான் கையிலேயே வைத்திருந்தேன்.